பதினேழு வருஷம் தூங்கிய ரோட்கிங்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் பற்றியது. "ஒரு வண்டிக்கு வரலாற்றுக் கட்டுரையா?" என்று ஓடிவிடாதீர்கள். பிராக், பம்பாய், மைசூர், நம்ம திருச்சி எல்லாமே உள்ளே வரும். :-)

நான் வேலை பார்ப்பது செக் நாட்டின் தலைநகரான பிராகில். இங்கே நவம்பர் பிறந்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் வண்டியைத் தூங்க வைத்துவிடுவார்கள். என் பக்கத்து சீட் செக்காரர் அதை ஒரு சடங்கு மாதிரி செய்வார். டேங்கைக் கழுத்துவரை நிரப்புவார், காற்று இருந்தால் துருப்பிடிக்குமாம். கார்புரேட்டரை வடிப்பார். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பார். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விடுவார். மார்ச்சில் வண்டி ஒரே கிக்கில் எழுந்திருக்கும்.

மைசூரில் குவெம்பு நகர் வீட்டு ஷெட்டில் அப்பாவின் யெஸ்டி ரோட்கிங் தூங்கியது இப்படி இல்லை. யாரும் தூங்க வைக்கவில்லை. 2006-ல் ஒரு நாள் அப்பா வண்டியை நிறுத்தினார். முட்டி வலி. "அடுத்த வாரம் எடுக்கலாம்" என்றார். அந்த அடுத்த வாரம் வருவதற்குப் பதினேழு வருஷம் ஆனது.

2023 டிசம்பரில் மூன்று வார லீவில் போயிருந்தேன். "ஷெட்டைக் காலி பண்ணணும்டா. அதை குஜரிக்குப் போட்டுடலாமா?" என்று அம்மா கேட்டாள். (குஜரி என்றால் மைசூரில் காயலான் கடை.) அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் நானும் அம்மா கட்சியில் சேர்ந்திருப்பேன். பேசாமல் போனதுதான் என்னவோ செய்தது.

மறுநாள் காலை நானாகவே களத்தில் இறங்கினேன். தார்பாலினை உருவி, புதுப் பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஓங்கி ஒரு உதை. லீவர் அசையவில்லை. இரண்டாவது உதைக்கு அப்பா உள்ளேயிருந்து கத்தினார்: "டேய், நிறுத்து! ரிங்கை உடைச்சிடப் போறே!" நாற்பது வருஷம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர் அவர். நான் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணிப் பிழைப்பவன். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு மேஸ்திரியிடம் போனோம். எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலேயே எஞ்சின் பூட்டியவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "காடி சத்தில்ல, நித்தெ மாட்தா இதெ" என்றார். வண்டி சாகவில்லை, தூங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

ஜாவா என்ற பெயர் இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளை ஒட்டவைத்தது. பிராகில் ஆயுதத் தொழிற்சாலை வைத்திருந்த ஃப்ரான்டிஷெக் யானெச்செக், 1929-ல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் தயாரிப்பை வாங்கினார். யானெச்செக்கின் ‘யா’வும் வாண்டரரின் ‘வா’வும் சேர்ந்தது. அதனால் இங்கே எல்லாரும் ‘யாவா’ என்றுதான் சொல்கிறார்கள். நான் முதல் முறை ‘ஜாவா’ என்றபோது, இந்தோனேசியத் தீவைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் செக் நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்தது. ஜாவாவின் பொறியாளர்கள் அந்தக் காலத்தில் ஒளித்து மறைத்து ஒரு புது வண்டியை உருவாக்கினார்கள். போர் முடிந்ததும் 1946-ல் பாரிஸ் கண்காட்சியில் அது வெளியே வந்தது. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், ‘பேராக்’ என்று செல்லப் பெயர். நம் ஊர் யெஸ்டி ஓட்டியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்த ஒற்றை லீவர் அதற்குப் பின் வந்த ஜாவாக்களில்தான் ஆரம்பிக்கிறது. லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். ஸ்டார்ட் ஆனதும் முன்னால் சாய்த்தால் அதுவே கியர். கிளட்ச்சைப் பிடிக்காமலே கியர் மாற்றலாம், லீவரை அழுத்தும்போதே கிளட்ச் விலகிக்கொள்ளும். மைசூரில் நான் வெறிபிடித்து உதைத்த லீவருக்கு அப்பன் பாட்டன் எல்லாம் பிராகில் இருக்கிறார்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அது மைசூருக்கு எப்படி வந்தது? 1950-களில் பம்பாயைச் சேர்ந்த ஈரானி குடும்பத்தினர் ஜாவாக்களை இறக்குமதி செய்து விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டு வண்டி வரும் கதவை அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தியது. விற்க வேண்டும் என்றால் இங்கேயே செய்தாக வேண்டும். சென்னையில் என்ஃபீல்ட் 1955-ல் அப்படித்தான் ஆரம்பித்தது. ருஸ்தம் ஈரானியும் ஃபரூக் ஈரானியும் ஐடியல் ஜாவா கம்பெனியை உருவாக்கி, மைசூர் யாதவகிரியில் தொழிற்சாலை கட்டினார்கள். 1961-ல் அதைத் திறந்து வைத்தவர் மைசூர் மகாராஜாவாக இருந்து அப்போது மாநில ஆளுநராகவும் இருந்த ஜெயசாமராஜேந்திர உடையார். ஆர்.கே. நாராயண் வீடு கட்டி வாழ்ந்ததும் இதே யாதவகிரியில்தான்.

அது செக்கோஸ்லோவாகியாவும் இந்தியாவும் நெருக்கமாக இருந்த காலம். திருச்சிக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. திருவெறும்பூர் பெல் பாய்லர் தொழிற்சாலை 1960-களில் செக்கோஸ்லோவாகியா ஒத்துழைப்பில் வந்ததுதான். ஆக, திருச்சி பாய்லருக்கும் மைசூர் பைக்குக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. பிராகில் முதல் வருஷம் குளிரில் நடுங்கியபடி இதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

1970-களின் தொடக்கத்தில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி வந்தது. ஈரானில் இருக்கும் யஸ்த் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஈரானி குடும்பத்துக்கும் அந்த ஊருக்கும் உள்ள தொடர்பை வைத்துப் பார்த்தால் பொருத்தம்தான். செக் மொழியிலோ ‘யெஸ்தீ’ என்றால் ‘ஓட்டுகிறான்’ என்று அர்த்தம்! அதுவும் பொருத்தம்தான்.

ரோட்கிங் 1978-ல் வந்தது. 250 சிசி, 16 குதிரைசக்தி, இரண்டு பக்கமும் சைலென்சர். இன்றைக்கு 16 என்றால் கல்லூரிப் பையன்கள் சிரிப்பார்கள். அன்று சாலையில் போட்டி புல்லட்டும் ராஜ்தூத்தும்தான். சென்னைக்கு வெளியே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களில் யெஸ்டிகள் பறந்திருக்கின்றன. மைசூரில் அவ்வளவு தூரம் போக வேண்டாம், சாமுண்டி மலை ஏறும் சாலையே போதும். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு எந்த கியரில் மேலே போகிறாய் என்பதுதான் அன்றைய பந்தயம். அப்பா 1987-ல் ரோட்கிங் வாங்கியதும் அம்மாவை முதலில் அங்கேதான் கூட்டிப்போனார். "சாமி கும்பிடவா போனார்? வண்டியைக் காட்டத்தான் போனார்" என்பாள் அம்மா.

மேஸ்திரியிடம் திரும்புவோம்.

முதல் நாள் அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி, "நாளைக்கு வா" என்றார். இரண்டாவது நாளும் அதே. மூன்றாவது நாள் கையாலேயே மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தார். பிஸ்டன் அசைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிடலாமா?" என்றேன்.

"மாட்டேன்" என்றார்.

ஏன் என்று அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் தனியாக ஆயில் பம்ப் கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் போகிறது. அந்தக் கலவையைக் கீழே கிராங்க் அறைதான் உறிஞ்சி, அழுத்தி, மேலே தள்ளும். கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல்கள் அந்த அறையைக் காற்று புகாமல் காக்கின்றன. பதினேழு வருஷத்தில் ரப்பர் மரமாகிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் வண்டி ஓடும், பிரமாதமாகவே ஓடும். ஆனால் சீல் வழியாக வெளிக்காற்று புகுந்து, பெட்ரோல் குறைந்து, அதோடு ஆயிலும் குறைந்து, சூடு ஏறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதுவும் வேகமாகப் போகும்போது. "ஸ்டார்ட் ஆகறது பெரிசில்ல. சாமுண்டி மலையில பாதியில பின்சக்கரம் நின்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

என் லீவில் பத்து நாள்தான் பாக்கி. எஞ்சினைப் பிரித்தால் அதற்குள் முடியாது. வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்காமலே நான் கிளம்ப வேண்டியிருக்கும். பிரிக்காமல் விட்டால் அன்று மாலையே கேட்கலாம். அப்பாவைப் பார்த்தேன். "பதினேழு வருஷம் நின்ன வண்டி. இன்னும் ரெண்டு மாசம் நிக்காதா? பிரிங்க மேஸ்திரி" என்றார்.

பிரித்தார். அவர் சொன்னது சரி. சீல் கையோடு நொறுங்கி வந்தது. கிராங்க் பேரிங்கில் சிவப்பாகத் துரு. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்து பழுப்புப் பிசினாகி, ஜெட் ஓட்டையே தெரியவில்லை. டேங்கின் அடியில் ஒரு கைப்பிடி துரு. ஒயரிங்கில் பாதியை எலி தின்றிருந்தது. டயர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் காட்டினார்: 2103. 2003-ஆம் வருஷத்தின் 21-வது வாரம் செய்த டயர். விரலால் அழுத்தினால் வெடிப்பு வெடிப்பாகப் பிளந்தது.

பாகங்களுக்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட்டேன். கம்பெனியே இல்லையே? இங்கேதான் கதையின் சோகமான பகுதி வருகிறது.

1980-களின் நடுவில் ஜப்பானியர்கள் வந்தார்கள். 1984-ல் இந்த்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100. ஆர்எக்ஸ் 100-ன் எஞ்சின் 98 சிசிதான், ஆனால் 11 குதிரைசக்தி! எடையோ ரொம்பக் குறைவு. ரோட்கிங் 250 சிசியில் செய்த வேலையைப் பாதிக்கும் குறைவான எஞ்சின் செய்தது. பெட்ரோல் செலவைப் பார்ப்பவர்கள் ஹோண்டா பக்கமும் வேகத்தைப் பார்ப்பவர்கள் யமஹா பக்கமும் போனார்கள். நடுவில் யெஸ்டி மாட்டிக்கொண்டது. 1991-ல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன, 1996-ல் இன்னும் இறுகின. ஆயிலை எரித்துப் புகைவிடும் பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு அது கழுத்தில் கயிறு. பணமுடை, தொழிலாளர் பிரச்னை எல்லாம் சேர்ந்து 1996-ல் யாதவகிரி தொழிற்சாலை மூடியது. (வேடிக்கை என்னவென்றால், போட்டியாளர் ஆர்எக்ஸ் 100-உம் அதே 1996-ல்தான் நின்றது.) 2001-ல் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது.

கம்பெனி கலையலாம். அங்கே வேலை பார்த்த கைகள் எங்கே போகும்? பலர் மைசூரிலேயே சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப் போட்டார்கள். எஞ்சின் பூட்டியவர் எஞ்சின் வேலை, பெயிண்ட் அடித்தவர் பெயிண்ட் வேலை. எந்த சீல் எந்த அளவு, இல்லாவிட்டால் வேறு எந்த வண்டியின் சீல் பொருந்தும் என்பது அவர்கள் மண்டையில் இருந்தது. வண்டி வைத்திருந்தவர்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். பெங்களூரிலும் மற்ற ஊர்களிலும் கிளப்புகள் உருவாயின. ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா-யெஸ்டி தினம் என்று கொண்டாட ஆரம்பித்தார்கள். தேவை இருந்ததால் சின்னப் பட்டறைகள் பாகங்களைச் செய்து விற்றன. பிறகுதான் பெரிய கம்பெனி வந்தது. மஹிந்திராவின் பணத்தோடு, ருஸ்தம் ஈரானியின் மகன் போமன் ஈரானியும் சேர்ந்த கிளாசிக் லெஜன்ட்ஸ், 2018 நவம்பரில் ஜாவாவையும் 2022 ஜனவரியில் யெஸ்டியையும் திரும்பக் கொண்டுவந்தது. புது வண்டிகள் ஃபோர் ஸ்ட்ரோக், மைசூரில் செய்பவையும் அல்ல. யெஸ்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று கர்நாடக உயர்நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. இத்தனை வருஷம் தொழிற்சாலை இல்லாமலே அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்திருக்கிறது, பாருங்கள். அதைக் காப்பாற்றியது இந்த மேஸ்திரி மாதிரி ஆட்கள்தான் என்பது என் கட்சி.

இருபத்து மூன்றாம் தேதி. என் லீவின் கடைசி வாரம். எஞ்சின் பாதி பூட்டியிருந்தது. கான்டாக்ட் பாயின்ட் வைக்கும் நேரத்தில் மேஸ்திரி அப்பாவிடம், "நீங்க வைங்க சார்" என்றார். அப்பாவுக்கு இப்போது கை லேசாக நடுங்கும். ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னிடம் விசிட்டிங் கார்டு இருக்கிறதா என்று கேட்டார். பிராக் முகவரி போட்ட என் கம்பெனி கார்டைக் கொடுத்தேன். அதைப் பாயின்ட் நடுவே செருகி, ஸ்குருவைத் திருகி, இழுத்துப் பார்த்து, மறுபடி திருகினார். மேஸ்திரி கேஜை வைத்துப் பார்த்தார். 0.4 மில்லிமீட்டர். சரியாக இருந்தது. அந்த வண்டிக்கு என் படிப்பும் வேலையும் செய்த ஒரே உதவி அந்தக் கார்டுதான் :-)

அப்புறம்தான் மேஸ்திரியிடம் பேச்சு வாக்கில் கேட்டேன், இந்த வேலையை யாருக்காவது சொல்லிக்கொடுத்தாரா என்று. "மகன் பெங்களூர்ல சாஃப்ட்வேர்" என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. அப்பா என்னைப் பார்க்காமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். டேங்கை நிரப்பி, பாட்டரியைக் கழற்றி, வண்டியைத் தூங்க வைக்கலாம். கைவேலையை அப்படி ஷெட்டில் மூடிவைக்க முடியாது. செய்துகொண்டே இருந்தால்தான் இருக்கும்.

வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்காமலே ஜனவரி முதல் வாரம் நான் பிராக் வந்து சேர்ந்தேன்.

எஞ்சின் எழுந்தாலும் வண்டி ரோட்டுக்கு வந்ததாக அர்த்தமில்லை. 1987-ல் வாங்கிய வண்டிக்கு 15 வருஷத்தில், 2002-ல், ஆர்.சி. புதுப்பித்தோம். அது 2007-ல் முடிந்தது. பிறகு யாரும் கவனிக்கவில்லை. பல வருஷத் தாமதக் கட்டணம், இன்சூரன்ஸ், வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டுவது எல்லாம் பாக்கி. 2021-ல் வந்த விண்டேஜ் வண்டி விதி உதவுமா என்று பார்த்தேன். அதற்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். ரோட்கிங்குக்கு அந்த வயசு ஆகவில்லை. புகைச் சோதனைக்கு மட்டும் ஒரு சலுகை: 2000-க்கு முன் செய்த வண்டிகளுக்கு அந்தக் காலத்து அளவுதான், கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம்வரை போகலாம். அத்தை பையன்தான் அலைந்தான். அவனுக்கு நான் ரொம்பக் கடன்பட்டிருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே விடிந்தும் விடியாத நேரம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. முதலில் ஒரு இருமல் மாதிரி சத்தம், பிறகு இன்னொன்று, அப்புறம் அந்தச் சத்தம். சின்ன வயசில் தெருமுனை திரும்பும்போதே அப்பா வருகிறார் என்று எனக்குச் சொன்ன சத்தம்.

அத்தை பையன் ஓட்ட, அப்பா பின்னால் உட்கார்ந்து யாதவகிரி வரை போய்வந்தாராம். சாமுண்டி மலைக்குப் போகவில்லை. புது ரிங், கொஞ்சம் பழகட்டும் என்று மேஸ்திரி உத்தரவு.

சாயங்காலம் அம்மாவிடம் பேசினேன். "வீடெல்லாம் பெட்ரோல் நாத்தம்டா, தாங்கலை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கு உங்கப்பா ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டார்" என்றாள்.

கொசுறு: உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நின்றுகொண்டிருந்தால், ஆசையில் உதைத்துவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றி ஆயில் விட்டு, இரண்டு நாள் பொறுத்து, கையால் சுற்றிப் பாருங்கள். பழைய பெட்ரோலை முழுதாக வடியுங்கள். இப்போது இந்தியாவில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பருக்கும் ஆகாது. டேங்கில் மாதக்கணக்கில் விட வேண்டாம். டயர், பிரேக், கேபிள் மூன்றையும் பார்க்காமல் ரோட்டில் ஏறாதீர்கள், ஓடுவதைவிட நிற்பது முக்கியம். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் ஊர் மேஸ்திரி நன்றாக இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.